அறுகம் புற்றரையும் பருவந்தோறும் அதைப் பேணும் முறையும்

உழவனுக்கு அறுகைப் போன்ற பிடிவாதமான பகை வேறில்லை. வயலில் அது ஒருமுறை வேரோடிவிட்டால், ஏரினால் அறுபட்ட ஒவ்வொரு கணுவும் தனிச் செடியாகி, ஒன்று நூறாகப் பெருகும். ஆயினும் அதே புல்லைத்தான் நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிறோம். மணமக்களை வாழ்த்தும்போது அறுகுபோல் வேரூன்றுக என்கிறோம். எந்தக் குணத்தினால் அது வயலிற் பகையாகிறதோ, அந்தக் குணத்தினாலேயே வீட்டு முற்றத்திலும், பள்ளி மைதானத்திலும், ஏரிக்கரையிலும் அது நட்பாகிறது. மிதித்தாலும் வெட்டினாலும் காய்ந்தாலும் அழியாத தன்மையே அக்குணமாகும்.

முன்னாளில் புற்றரை என்பது பெரிய பங்களாக்களுக்கும் அரசாங்கத் தோட்டங்களுக்கும் உரிய அலங்காரமாகக் கருதப்பட்டது. இந்நாளிலோ தோட்டத்து வீடுகள், ஊராட்சிப் பூங்காக்கள், பள்ளிகள், ஆரம்ப சுகாதார நிலையங்கள், திருமண மண்டபங்கள் ஆகிய எங்கும் அது பரவி வருகிறது. புழுதியை அடக்கவும், மழைநீர் மண்ணை அரித்துச் செல்லாமல் தடுக்கவும், முற்றத்தின் வெப்பத்தைத் தணிக்கவும் அது பயன்படுவதால் இதனைக் குறை கூறுவதற்கில்லை. ஆனால் புற்றரை வளர்ப்போரிற் பலர் ஆண்டு முழுவதும் ஒரே விதமாக, நாள்தோறும் குழாய் நீர் தெளித்து, அது எக்காலமும் பச்சைப் பசேலென்று இருக்க வேண்டுமென எதிர்பார்க்கின்றனர். இவ்வெதிர்பார்ப்பே செலவுக்கும் நோய்க்கும் காரணமாகிறது.

நீரின் கணக்கு

முதலில் நீரின் கணக்கை நிலக்கிழார்கள் மனத்திற் கொள்ள வேண்டும். ஒரு சென்ட் நிலத்தின் மீது ஒரு அங்குல உயரத்துக்கு நீர் நிற்க வேண்டுமானால் அதற்கு ஏறக்குறைய 1,000 லிட்டர் தேவைப்படும். கடுங்கோடையில் புற்றரையைப் பசுமையாக வைத்திருக்க வாரத்துக்கு ஒரு அங்குலமாவது கொடுக்க நேரிடும். எனவே 10 சென்ட் புற்றரைக்கு வாரந்தோறும் 10,000 லிட்டர் ஆகிறது. ஒரு கறவை மாடு கோடையில் நாளொன்றுக்கு 60 லிட்டர் நீர் அருந்துமெனக் கொண்டால், இருபதுக்கு மேற்பட்ட மாடுகளின் தாகத்தைத் தீர்க்கும் நீர் அது.

2016ஆம் ஆண்டில் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களும் வறட்சியுற்றவையாக அறிவிக்கப்பட்டதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். அத்தகைய ஆண்டில் கிணற்று நீரைத் தென்னைக்கு விடுவதா, மாட்டுத் தொட்டிக்கு விடுவதா, புல்லுக்கு விடுவதா என்ற கேள்வி எழுமாயின், விடை வெளிப்படை. புல்லைக் கைவிடவும் வேண்டாம், நீரை வீணாக்கவும் வேண்டாம் என்பதற்கு வழி ஒன்று உண்டு. அது அறுகின் இயல்பை அறிந்து, அது வளரும் காலத்தில் வளர்த்து, உறங்கும் காலத்தில் உறங்க விடுவதேயாம்.

புல்லின் இயல்பு

தாவர நூலார் சைனோடான் டாக்டிலான் என வழங்கும் இப்புல் இருவகைத் தண்டுகளால் பரவுகிறது. ஒன்று நிலத்தின் மேல் ஓடிக் கணுதோறும் வேர்விடும் ஓடுதண்டு. மற்றொன்று மண்ணுக்குள் ஓடும் வெண்மையான தண்டு. இலை முழுதும் கருகிய பின்னரும் மண்ணுக்குள் இருக்கும் தண்டில் உணவு சேமிக்கப்பட்டிருக்கும். வேர்களோ, இடங்கொடுக்கும் மண்ணில் மூன்று நான்கு அடிக்குங் கீழே செல்லும். ஆகவே நீரற்றுப் பழுத்து வைக்கோல் நிறமடைந்த அறுகு இறந்ததாகாது, அது உறங்குகிறது. நல்ல மழை பெய்தால் சில நாட்களில் மீண்டும் துளிர்க்கும்.

இப்புல் வெயிலை விரும்புவது. நிழலை அது பொறுக்காது. மாமரத்தின் கீழும் வேம்பின் கீழும் அறுகு நட்டு ஆண்டுதோறும் தோல்வியுறுவதைக் காட்டிலும், அவ்விடத்தில் மணல் பரப்பியோ செங்கல் பாவியோ திண்ணை அமைத்தோ விடுவது நன்று. உப்பை ஓரளவு தாங்கும் புல்லாதலால், கடலோர ஊர்களில் சற்று உவர்ப்பான கிணற்று நீரிலும் அறுகு பிழைக்கும். சேர்ந்த உப்பை மழைக்காலம் கழுவிச் செல்லும்.

பிற நாட்டு அட்டவணைகள்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதி வெப்பமான பிரதேசம். அங்கும் புற்றரைகளிற் பல அறுகினத்தைச் சேர்ந்தவையே. ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டன் என்னும் ஊரிலிருந்த ஆராய்ச்சி நிலையத்தில் கிளென் பர்ட்டன் என்னும் அறிஞர், நமது அறுகையும் அதன் ஆப்பிரிக்க உறவினப் புல்லொன்றையும் இணைத்து, விதை கட்டாத கலப்பினங்களை உருவாக்கினார். அவற்றுள் 1960இல் வெளிவந்த டிஃப்வே என்பது உலகெங்கும் விளையாட்டு மைதானங்களிற் பரவியது. அப்பர்ட்டன் உருவாக்கிய ஆண்மலட்டுக் கம்பு வகையைத் தாயாகக் கொண்டே, 1965இல் நம் நாட்டின் முதல் வீரியக் கம்பு எச்.பி. 1 வெளியிடப்பட்டது என்பதையும் உழவர்கள் அறிந்துகொள்ளலாம்.

ஆனால் அந்நாட்டு நூல்களிலுள்ள கால அட்டவணையை நாம் அப்படியே பின்பற்றலாகாது. அங்கு அறுகை உறங்க வைப்பது குளிர். உறைபனி வீழ்ந்ததும் புல் பழுத்து, வசந்தத்தில் துளிர்க்கும். ஆகவே ஏப்ரல், மே மாதங்களில் உரமிட்டு நீர் பாய்ச்ச வேண்டுமென அந்நூல்கள் கூறும். நமது சமவெளிகளில் அறுகை உறங்க வைக்குமளவு குளிர் இல்லை; உறங்க வைப்பது வறட்சி. அங்கே அறுகு விழிக்கும் சித்திரை, வைகாசியில் இங்கே அது உறங்கப் போகிறது. அங்கே ஓய்வெடுக்கும் ஐப்பசி, கார்த்திகையில் இங்கே செழிக்கிறது. இவ்வேற்றுமையை உணராமல் அக்கினி நட்சத்திர நாட்களில் உரமிட்டு, அதற்காக நீரும் இறைப்பது வீண் செலவாகும். நீலகிரி போன்ற மலைப் பிரதேசங்களின் நிலை வேறு; அங்குக் கிக்குயூ புல் முதலியவை தழைக்கின்றன. இக்கட்டுரை சமவெளிகளைக் குறித்ததே.

எப்புல்லைத் தெரிவது

நாற்றுப் பண்ணைகளில் கொரியன் புல் என்னும் பெயரில் விற்கப்படுவது மெத்தென்று அழகாயிருக்கும். ஆனால் மெதுவாகப் பரவும், விலையும் அதிகம். சிறு முற்றத்துக்கு அது தகும். அகன்ற இலையுடைய பஃபலோ புல் ஓரளவு நிழலைத் தாங்கும். ஆனால் நீர் மிகுதியாகக் கேட்கும். பலர் நடமாடும் இடத்துக்கும், நீர் குறைந்த ஊருக்கும், பள்ளிக்கூடத்துக்கும் அறுகே ஏற்றது. அதற்கு விலையுமில்லை, கோரை கலவாத வரப்பிலோ கரையிலோ சேகரித்துக்கொள்ளலாம்.

கம்பளம்போற் சுருட்டி விற்கப்படும் புற்றகடுகளை வாங்குவோர், அவற்றின் அடிமண்ணை உதிர்த்துக் கோரைக் கிழங்கு உள்ளதா எனச் சோதித்த பின்னரே வாங்க வேண்டும். நிலத்தில் தகடு வளர்த்து விற்போரும், ஒவ்வொரு அறுவடையிலும் தம் மேல்மண்ணின் ஒரு படலம் விலையோடு சேர்ந்து போகிறது என்பதை மறவாதிருத்தல் வேண்டும்.

நிலம் பண்படுத்தலும் நடுதலும்

நிலத்தை ஒரு அடி ஆழத்துக்குக் கொத்தி, கல், வேர், கிழங்குகளை அகற்றுக. 100 அடி நீளத்துக்கு ஒரு அடி வீதம் சரிவு இருப்பின் மழைநீர் தேங்காது. பின்னர் நீர் பாய்ச்சி மூன்று வாரம் விட்டுவைத்தால், மறைந்திருந்த களை விதைகள் முளைக்கும். அவற்றைக் கொத்தி நீக்குக. இவ்வாறு இருமுறை செய்வோர் பின்னர் ஈராண்டுக் களையெடுப்புச் செலவை மிச்சப்படுத்துவர். களிமண் நிலமாயின் மணலும் மக்கிய எருவும், மணற்பாங்கான நிலமாயின் ஏரி வண்டலும் எருவும் கலக்க வேண்டும்.

நடுவதற்கு ஆவணி, புரட்டாசி மாதங்கள் சிறந்தவை. கோடையில் நட்டு நீர் ஊற்றி வளர்ப்பதைவிட, மழையை எதிர்நோக்கி நடுவதே சிக்கனம். வேரோடு கூடிய துண்டுகளை மூன்று நான்கு அங்குல இடைவெளியில் ஊன்றலாம். இடம் பெரிதாயின், புல்லைச் சிறு துண்டுகளாக நறுக்கி, மண்ணும் சாணமும் நீரும் சேர்த்துக் குழம்பாக்கி, ஈரநிலத்தின் மீது மெழுகுவதுபோலப் பரப்பி, மேலே மெல்லிய மண் தூவலாம். வேர் பிடிக்கும் வரை நாள்தோறும் சிறிது நீர் தெளிப்பது அவசியம். நாள்தோறும் நீர் வேண்டிய காலம் அஃது ஒன்றே.

ஆடி முதல் புரட்டாசி வரை: ஆயத்தக் காலம்

ஆடிக் காற்று மண்ணின் ஈரத்தை உறிஞ்சும். அக்காலத்தில் புல்லைத் தொந்தரவு செய்யலாகாது. ஆவணியில் மழை தொடங்கியதும் ஆண்டின் முக்கிய வேலையைச் செய்ய வேண்டும். நாளடைவில் புல்லின் அடியில் இறந்த தண்டும் சருகும் சேர்ந்து பாய்போற் படிந்திருக்கும். இப்படலம் அரை அங்குலத்துக்கு மேற்பட்டால் நீரும் எருவும் மண்ணைச் சேரமாட்டா. புல்லைத் தாழ்வாக வெட்டி, இரும்புப் பல்வாரியால் அழுந்த வாரிப் படலத்தை அகற்றுக. பலர் நடந்து இறுகிய இடங்களில் கூரிய இரும்புக் கம்பியால் மூன்று அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகத் துளையிடுக.

அதன்பின் சலித்த செம்மண்ணோ மணலோ ஒரு பங்கும், நன்கு மக்கிய தொழு எரு ஒரு பங்கும் கலந்து, கால் அங்குல கனத்துக்குத் தூவிப் பெருக்கிவிட வேண்டும். ஒரு சென்டுக்கு ஏறக்குறைய 9 கன அடிக் கலவை தேவைப்படும். மக்காத எருவை ஒருபோதும் இடலாகாது. அது களை விதைகளையும் வண்டுப் புழுக்களையும் சேர்த்துக் கொணரும். கரிசல் நிலத்தில் கோடை வெடிப்புகள் மூடாதிருந்தால், முதலில் அவற்றை இக்கலவையால் நிரப்புக. ஒரு சென்டுக்கு 200 கிராம் யூரியாவை ஐந்து பங்கு மணலோடு கலந்து, இலை உலர்ந்திருக்கையில் வீசி, உடனே நீர் தெளிக்கலாம். ஐப்பசிக்குள் நிலம் முழுவதும் மூடிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை: மழைக்காலம்

தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறையப் பாதி வடகிழக்குப் பருவத்தில் பெய்கிறது. இப்போது புல்லுக்கு நாம் செய்ய வேண்டியவை இரண்டே: நீர் தேங்காமல் வடிப்பதும், வளர்ந்ததை வெட்டுவதும். இரண்டு நாளுக்கு மேல் நீர் நின்ற இடத்தில் வேர் மூச்சடைத்து, பாசி படரும். அடைமழையில் யூரியா இடுவது வாய்க்காலுக்கு உரமிடுவதாகும். சேறாயிருக்கையில் உருளை உருட்டுவதும் வண்டி ஏற்றுவதும் மண்ணைச் செங்கல்லாக இறுக்கிவிடும். ஈரம் சற்று உலர்ந்த பின்னரே மேடுபள்ளங்களை உருளையாற் சமப்படுத்துக.

மார்கழி, தை, மாசி: பனிக்காலம்

மழை ஓய்ந்ததும், மண்ணில் ஈரம் மிகுந்திருக்கும் மார்கழித் தொடக்கத்தில் இரண்டாம் முறை முன் கூறிய அளவே யூரியா இடலாம். இரவு குளிர்ந்திருப்பதால் வளர்ச்சி மெதுவாகும். பத்து நாளுக்கு ஒரு வெட்டு போதும். பனி உலர்ந்த பின்னரே வெட்ட வேண்டும். மாலையில் நீர் தெளித்து இரவு முழுவதும் இலை நனைந்திருக்கச் செய்வது பூசண நோய்க்கு வழிவகுக்கும். நீர் விடுவதாயின் விடியற்காலையே ஏற்றது.

இம்மூன்று மாதங்களிலேயே புல்லைக் கோடைக்குப் பழக்க வேண்டும். நாள்தோறும் சிறிது நீர் பெறும் புல்லின் வேர் மேல்மண்ணிலேயே நின்றுவிடும். அப்புல்லே சித்திரையில் முதலிற் கருகும். ஆகவே ஒருமுறை விட்டால் ஆறு அங்குல ஆழம் நனையுமாறு விட்டு, புல் கேட்கும் வரை காத்திருக்க வேண்டும். புல் கேட்பதை அறிவது எளிது. நடந்து சென்று திரும்பிப் பார்க்கையில் காலடித் தடம் நிமிராமல் கிடந்தால் நீர் வேண்டுமென்று பொருள். நனைந்த ஆழத்தை ஓர் இரும்புக் கம்பியைச் செருகிப் பார்த்து அறியலாம். ஈரமண்ணில் அது எளிதாக இறங்கும்.

பங்குனி முதல் ஆனி வரை: கோடை

கோடையில் மூன்று விதிகளைக் கைக்கொள்ள வேண்டும். முதலாவது, வெட்டும் உயரத்தை உயர்த்துக. மற்றக் காலங்களில் ஒன்றரை அங்குலம் விட்டு வெட்டினால், இப்போது இரண்டு அங்குலம் விடுக. உயர்ந்த இலை தன் நிழலால் மண்ணைக் காக்கும். இரண்டாவது, உரத்தை நிறுத்துக. கோடைமழை நன்றாகப் பெய்து மண் நனைந்தாலன்றி யூரியாவைத் தொடவேண்டாம். மூன்றாவது, கிணறு வற்றுமாயின் புல் பழுக்கட்டும் என்று விட்டுவிடுக. அப்போது இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை அரை அங்குல நீர், அதாவது சென்டுக்கு 500 லிட்டர், உயிர்நீராகக் கொடுத்தாற் போதும். பசுமைக்கு வேண்டிய நீரில் நாலில் ஒன்றுக்கு மேற்படாத அளவு இது. வீட்டுக் குளியலறை நீரை இதற்குப் பயன்படுத்தலாம். பழுத்த புல்லின் மீது வண்டியோட்டமும் பந்தாட்டமும் கூடா. உறங்கும் தண்டு நசுங்கினால் மீளாது.

புற்றரையின் பரப்பைத் தீர்மானிக்க வேண்டியதும் இக்கணக்கைக் கொண்டே. மழைக்காலத்தில் எவ்வளவு வளர்க்கலாம் என்று பாராமல், கோடையில் எவ்வளவுக்கு உயிர்நீர் கொடுக்க இயலும் என்று பார்த்து அளவு குறிக்க வேண்டும்.

வெட்டுதல்

எக்காலத்திலும் இலையின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் வெட்டலாகாது. நீண்டு வளர விட்டு மொட்டையடித்தால் மஞ்சள் தண்டே வெளிப்பட்டு, அவ்விடைவெளியிற் களை புகும். கத்தி கூர்மையாயிருக்கட்டும், மழுங்கிய கத்தி இலையைக் கிழித்து நுனியைக் கருகச் செய்யும். வெட்டிய புல் மாட்டுக்கு நல்ல தீனி. களைக்கொல்லியோ பூச்சிமருந்தோ தெளித்த புல்லை மாட்டுக்கு இடலாகாது.

களையும் பூச்சியும்

கோரையின் இலையைக் கிள்ளுவதாற் பயனில்லை. கிழங்கோடு தோண்டி எடுத்தாலன்றி அது போகாது. நெருஞ்சி, அம்மான்பச்சரிசி முதலியவை புல் அடர்த்தியாயின் தாமே குறையும். 1955ஆம் ஆண்டளவில் புனேயிற் காணப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவிய பார்த்தீனியம், வெளியிலிருந்து கொணரும் மண்ணோடு வரக்கூடியது. பூக்குமுன் கையுறையணிந்து வேரோடு களைக. புல் திட்டுத் திட்டாக மஞ்சளாகி, இழுத்தவுடன் பாய்போல் எழும்பினால், அடியில் வெண்புழு வேரைத் தின்கிறது எனக் கொள்ளலாம். மண்ணைக் கிளறிப் புழுக்களைப் பொறுக்கி அழிக்க வேண்டும். ஆவணி எருவோடு சென்டுக்கு ஒரு கிலோ வேப்பம் பிண்ணாக்குக் கலப்பது நல்ல முன்காப்பு. மண்புழு இடும் குருணை மண்ணைக் கண்டு அஞ்சவேண்டாம். அது மண் நலமுற்றிருப்பதன் அடையாளம்.

வயலுக்குட் புகாமற் காத்தல்

நிலமுடையோர் இதனை மிகக் கவனிக்க வேண்டும். புற்றரைக்கும் தோட்டத்துக்கும் இடையில் ஒரு அடி ஆழத்துக்குச் செங்கல்லோ கருங்கல்லோ செங்குத்தாகப் பதித்து எல்லை கட்டுக. மாதம் ஒருமுறை எல்லை தாண்டிய ஓடுதண்டுகளை வெட்டுக. வாரிய தண்டுகளை வாய்க்காலிலோ, நேராக எருக்குழியிலோ எறியலாகாது. பாறை மீதோ களத்திலோ பரப்பி, சருகாகக் காயவிட்ட பின்னரே குழியிற் சேர்க்க வேண்டும். வயலிற் புகுந்த அறுகுக்குக் கோடை உழவே மருந்து. ஈரமற்ற மண்ணைப் புரட்டித் தண்டுகளை வெயிலிற் காயவிட்டுப் பொறுக்கி எடுக்க வேண்டும். ஈரத்தில் உழுது அறுத்தால் அது நடவு செய்ததற்கே ஒப்பாகும்.

ஏரிக்கரை, பண்ணைக் குட்டையின் கரை, ஓடைச் சரிவு முதலிய இடங்களில் அறுகு தானே வளருமாயின் அதைச் செதுக்கி எறியாதிருப்பது கிராம அதிகாரிகளின் கடமை. கரையை அழகுபடுத்துவதாக எண்ணிப் புல்லைச் சுரண்டிய இடத்திலிருந்தே அடுத்த மழையில் மண் கரையத் தொடங்கும். புதிதாக மண் கொட்டிய கரையில் புரட்டாசிக்குள் அறுகுத் துண்டுகளை ஊன்றிவிட்டால், அவ்வேர்களே கரைக்குக் காவலாகும்.

ஆண்டு வேலைகளின் சுருக்கம்

ஆவணி: சருகு வாருதல், துளையிடல், எரு, முதல் உரம்.
புரட்டாசி: நடவு, இடைவெளி நிரப்பல், வடிகால் திருத்தல்.
ஐப்பசி, கார்த்திகை: வடித்தல், வெட்டுதல், உரமின்மை.
மார்கழி: இரண்டாம் உரம்.
தை, மாசி: ஆழ நீர், இடைவெளி விட்டு.
பங்குனி முதல் ஆனி வரை: உயர வெட்டு, உயிர்நீர் மட்டும்.
ஆடி: காத்திருத்தல்.

மேற்கூறியவற்றிற் பெரும்பாலானவை அதிகப் பொருட்செலவின்றிச் செய்யக்கூடியவை. பருவம் அறிந்து செய்தலே இதற்கு வேண்டிய முதல். சித்திரையில் தம் புற்றரை பழுத்திருப்பதைக் கண்டு எவரும் நாணவேண்டியதில்லை. அருகிலுள்ள கிணற்றில் நீர் இருக்கிறது, தொழுவத்தில் மாடு தாகமின்றி இருக்கிறது என்பதற்கு அப்பழுப்பு நிறமே சான்று. ஆவணியில் செய்ய வேண்டியதைச் செய்தோருக்கு ஐப்பசியில் அறுகு தன் பசுமையைத் தவறாமல் திருப்பிக் கொடுக்கும்.